கற்பூரம் சுட்ட படகு

பிரெஞ்சு நாட்டில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பெர்தொனே என்ற தெருவில், நகைக் கடைகளுக்கு நடுவே ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அதன் கடைசி மேசை எங்களுடையது. பார்க்கிறவர்கள் எங்களை ஊர்ச் சங்கக் கூட்டம் என்றுதான் நினைப்பார்கள். லா சப்பலில் நாலைந்து பேர் சேர்ந்து சத்தமாகக் கதைத்தால் அது ஒன்றில் சங்கம், இல்லாவிட்டால் சங்கம் உடைகிற சண்டை. ஒருமுறை றொட்டி வாங்க வந்த ஒருவர் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார்.

"நீங்கள் எந்த ஊர்ச் சங்கம்?"

"ஒரு ஊரும் இல்லை அண்ணை. நாங்கள் படகு ஓட்டுற ஆக்கள்," என்றேன்.

"மீன் பிடிக்கவோ?"

"இல்லை, சும்மா ஓட்டுறம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு போனார். மீன் என்று சொல்லியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எங்கள் சனம் இந்த நாட்டில் சும்மா ஒன்றும் செய்வதில்லை. வேலைக்கு ஓடும், விசாவுக்கு ஓடும், பிள்ளைகளின் வகுப்புகளுக்கு ஓடும். ஒரு ஆற்றில் ஏறி, துடுப்புப் போட்டு, வாங்கவும் விற்கவும் எதுவுமில்லாத ஓரிடத்தில் இறங்கித் திரும்பி வருவது அவர்களுக்குப் பைத்தியக்காரத்தனம். இருக்கட்டும். எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்திருக்கிறது.

மேசைக்குத் தலைவர் மரக்கறி வான் ஓட்டுகிற ஒருவர். எல்லோருக்கும் அவர் அண்ணை. கடற்கரை ஊரில் பிறந்தவர். அந்த ஒரு தகுதியில்தான் தலைவரானார். அவருடைய மனைவியை அக்கா என்போம். அதிகம் கதைக்க மாட்டார், ஆனால் அவர் முன்னால் இருந்து துடுப்புப் போட்டால் படகு சொன்னபடி கேட்கும். இன்னொருவர் பாண்டிச்சேரிக்காரர். அலுவலக வேலை. கழுத்தில் எப்போதும் ஒரு தொலைநோக்கி தொங்கும். மற்றவர்கள் வருவார்கள், குளிர் தொடங்கினால் மறைந்துபோவார்கள்.

பேச்சு முழுக்க ஆறுதான். எந்தப் படகு கனம், எது காற்றுக்குத் திரும்பிக்கொள்ளும், மழை பெய்து எத்தனை நாள் கழித்து இறங்கலாம் என்று தொடங்கும். பிறகு மிருகங்களுக்கு வரும். மார்ன் ஆற்றில் ரகொந்தான் என்று பூனையளவு எலி ஒன்று உண்டு. ஆரஞ்சு நிறப் பல்லோடு கரையில் குந்தியிருந்து புல்லுத் தின்னும். அதை முதன்முதலில் பக்கத்தில் கண்டபோது நான் துடுப்பைத் தவறவிட்டேன்.

"பயப்படாதீங்க, அது சைவம்," என்றார் பாண்டிச்சேரிக்காரர்.

"கறி காய்ச்சலாமோ?" என்று கேட்டார் அண்ணை. இன்றைக்கும் அந்த எலியைக் காண்கிற ஒவ்வொரு முறையும் அவர் அதையேதான் கேட்கிறார்.

"குஞ்சோட இருக்கிற அன்னத்துக்கிட்ட மட்டும் போயிடாதீங்க," என்பார் பாண்டிச்சேரிக்காரர். "படத்துல பாக்குற மாதிரி இல்லீங்க அது. றெக்கையால அடிச்சா படகே ஆடும்." நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப் போடுவதையும் நீலமாக ஒரு மீன்கொத்தி பறந்து போனதையும் சொல்லும்போது மட்டும் அவருடைய குரல் தணிந்துவிடும்.

சண்டை வருவது பாதுகாப்புக் கதையில்தான். மிதவைச் சட்டையை எல்லோரும் பிரெஞ்சில் ஜிலே என்றுதான் சொல்வோம். அண்ணைக்கு அதைப் போடுவதென்றால் மானக்கேடு.

"நான் நீந்தப் பழகினது கடலிலை. இது வாய்க்கால்."

"கடல் எண்டால் உங்களைத் திருப்பிக் கரையிலை கொண்டுவந்து போடும் அண்ணை," என்றேன் நான். "ஆத்திலை அணைக்கட்டுக்குக் கீழை விழுந்தால் அது விடாது. சுத்திச் சுத்தி அதே இடத்திலை வைச்சிருக்கும்."

"இதெல்லாம் ஆர் சொன்னது?"

"படிச்சனான்."

உண்மையாகவே படித்தேன். என்னுடைய வீடு லா கூர்னெவ்வில். கால்வாய்க் கரையில் ஒருநாள் நடந்துபோனபோது என் வயதுப் பெண்கள் படகு ஓட்டிக்கொண்டு போனார்கள். சிரித்துக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்து எனக்கு வந்தது பொறாமை என்பதை மறைக்க மாட்டேன். அடுத்த கிழமையே அங்கிருந்த ஒரு கழகத்தின் கதவைத் தட்டினேன். நீந்தத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். முதலில் நீச்சல்குளம், பிறகு படகு என்றார்கள். நீச்சல் உடையில் என்னைப் பார்க்க எங்கள் ஆட்கள் யாராவது அந்தக் குளத்தில் இருந்திருந்தால் அன்று மாலையே கார் து நோர் ரெயில் நிலையம் வரைக்கும் செய்தி போயிருக்கும். போகட்டும் என்றுதான் இறங்கினேன்.

நான் புருவம் திருத்துகிறவள். லா சப்பலில் ஒரு அழகு நிலையத்தில் வேலை. நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு குனியும்போது, கதிரையில் சாய்ந்திருக்கிற பெண்கள் எல்லாக் கதையும் சொல்வார்கள், எல்லாக் கேள்வியும் கேட்பார்கள். ஒருத்தி கண்ணை மூடியபடி கேட்டாள்:

"அந்த நாளையிலை கடல்நீரேரி தாண்டேக்கை பயந்து செத்த சனம் நாங்கள். உங்களுக்கு இன்னும் படகு ஆசை விடேல்லையோ?"

சண்டைக் காலத்தில் ஊரைவிட்டுத் தப்ப, நானும் அந்த நீரேரியைத் தாண்டியவள்தான். படகின் அடியில், ஆட்களுக்கும் மூட்டைகளுக்கும் நடுவில் குப்புறப் படுத்துக் கிடந்தேன். தலையைத் தூக்காதே என்று யாரோ என் பிடரியைப் பிடித்து அமத்திக்கொண்டே வந்தார்கள். படகு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. யார் ஓட்டினார்கள் என்றும் தெரியாது.

"அந்தப் படகிலை துடுப்பு என்ரை கையிலை இருக்கேல்லை. இதிலை இருக்குது. அசையாதையும், புருவம் கோணிப்போகும்," என்றேன்.

எனக்கு வேண்டியது பின் இருக்கைதான். அதை விளங்கப்படுத்த வேண்டும். கனோவே என்று இங்கே சொல்கிற இந்தப் படகுக்குச் சுக்கான் கிடையாது. முன்னால் இருப்பவர் வேகம் கொடுப்பார். பின்னால் இருப்பவர்தான் துடுப்பாலேயே படகைத் திருப்புவார், எங்கே போவது, எப்போது கரை ஒதுங்குவது என்று முடிவெடுப்பார். எங்கள் குழுவில் பின் இருக்கை ஆண்களுடையது. என்னை நடுவில் புட்டுப் பார்சல்களோடு இருத்துவார்கள். கழகத்தில் பின்னால் இருந்து ஓட்டப் பழகி, சோதனையும் எடுத்து முடித்த பிறகும் நடுவில்தான். நச்சரித்து நச்சரித்து, கடைசியில் அண்ணை வாயால் வாக்கு வாங்கிவிட்டேன். குழுவுக்கென்று ஒரு பச்சைப் படகு வாங்கப்போகிறோம், கோடை தொடங்க அதில் மார்ன் ஆற்றில் போகப்போகிறோம். "பச்சைப் படகின்ரை பின் சீற் உமக்குத்தான் தங்கச்சி," என்றார். மேசையில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

என் கணவர் காலமாகிச் சில வருடங்களாகிவிட்டன. வேலை செய்த சமையலறையில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். நல்ல மனிதர். தண்ணீரென்றால் பிடிக்காது. அவரைப் பற்றி இங்கே வேறொன்றும் எழுதப்போவதில்லை, அது என் சொந்தச் சாமான். ஆனால் அவர் போன பிறகு மற்றவர்கள் எனக்குச் செய்ததை எழுதத்தான் வேண்டும். மணப்பெண் அலங்காரத்துக்கு லா சப்பலில் என்னைத் தேடி வருவார்கள். இப்போதும் வருகிறார்கள். தலை கட்ட நான் வேண்டும், சேலை உடுத்த நான் வேண்டும், முகத்துக்கு நான் வேண்டும். கடைசிப் பொட்டு வைக்கிற நேரம் தாய்க்காரி மெல்ல வந்து, "அதை மாமி வைப்பா, நீங்கள் களைச்சுப்போனியள்," என்பார். நான் களைக்கவில்லை. மண்டபத்தின் பக்கவாசலால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது எனக்கு வருவது அழுகை இல்லை, ஆத்திரம்.

பச்சைப் படகு வந்தது. பழைய படகுதான், தடித்த பிளாஸ்டிக். லெ பிளாங்-மெனில்லில் அண்ணை வீட்டுப் பின்வளவில் கொண்டுவந்து இறக்கினோம். அக்காவும் நானும் ஒரு காலைப்பொழுது முழுக்க அதன் அடிப்பக்கத்தைப் பிரஷ் போட்டு உரஞ்சினோம். பாசி போய்ப் பச்சை தெளிந்தது. பிறகு இரண்டு தாங்கிகளின் மேல் கவிழ்த்து வைத்தோம். அண்ணை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அக்கம்பக்கத்துச் சொந்தக்காரரும் வந்தார்கள். பூசையாம்.

பூசை என்றதும் ஒரு பெரிய சிக்கல் வந்தது. புதுக் கார் வாங்கினால் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, காரை ஏற்றி நசிக்க வேண்டும். அது இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் தெரியும். படகுக்குச் சில்லு இல்லை.

"தாங்கியின்ரை காலுக்குக் கீழை வைப்பம்," என்றார் ஒருவர்.

"அப்ப தாங்கிக்கெல்லோ பூசை," என்றார் இன்னொருவர்.

படகை இறக்கித் தேசிக்காயின் மேல் வைத்து எல்லோரும் ஏறியிருந்தால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. ஐயருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அவர் வேறொரு வீட்டில் பூசைக்கு நடுவில் நின்றார். வசதிப்படி செய்யுங்கோ என்று வைத்துவிட்டார். கடைசியில் தேசிக்காயை இரண்டாக வெட்டிக் குங்குமம் தடவிப் படகின் மூக்கில் வைப்பது, அதற்குச் சற்றுப் பின்னால் வெற்றிலை போட்டு அதன்மேல் கற்பூரம் கொளுத்துவது என்று அண்ணை தீர்மானித்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த நேரம்தான் அவர் என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, குறை நினையாதையும். நீர் கொஞ்சம் அங்காலை, அந்தக் குழாயடியிலை நிண்டால் நல்லம். நல்ல காரியம் எண்டபடியால்."

சிரிப்பு நின்றுவிட்டது. உரஞ்சும்போது என் கை நல்ல கைதான். தூக்கி வைக்கும்போது என் தோள் நல்ல தோள்தான். தீபம் காட்டும்போது மட்டும் நான் குழாயடிக்குப் போக வேண்டும். சண்டை பிடித்திருக்கலாம். அக்கா தட்டத்தை வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார். பின் இருக்கை என்னுடையது, அதைக் குழப்பக் கூடாது என்று நினைத்து நான் போய் நின்றேன்.

அக்கா ஒரு சின்னக் கற்பூரக் கட்டியை எடுத்தார்.

"பெரிய காரியத்துக்கு ஒரு கட்டியோ வைக்கிறது?" என்று அண்ணை கற்பூரப் பக்கெற்றை வாங்கி வெற்றிலையில் குவித்துக் கொட்டினார். கொளுத்தினார்கள். எல்லோரும் கும்பிட்டார்கள். வெற்றிலை சுருண்டது. கவிழ்ந்த படகின் முதுகு வளைவுதானே. உருகிய கற்பூரம் எரிந்தபடி வழிந்து பிளாஸ்டிக்கில் பிடித்துக்கொண்டது. கறுப்புப் புகை எழும்பியது. பச்சை கொப்பளித்து ஒழுகியது.

அந்த வளவில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண் முன்னால் படகு எரிகிறது, ஒருவரும் அசையவில்லை.

"நூத்தாதேங்கோ, நூத்தாதேங்கோ! தானா நூரட்டும்!" என்று ஒரு மாமி கத்தினார். சாமிக்குக் காட்டிய நெருப்பை ஆளாக அணைக்கக் கூடாது. அதனால் படகு எரியலாம்.

நான் நின்ற குழாயடியில் உரஞ்சிய தண்ணீரோடு வாளி அப்படியே இருந்தது. நல்ல காரியத்துக்குக் கூடாதென்று என்னை அவர்களே கொண்டுபோய்த் தண்ணீருக்குப் பக்கத்தில் விட்டிருந்தார்கள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி அப்படியே ஊற்றினேன். நெருப்பு சீறி நூர்ந்தது. பூமாலையும் தேசிக்காயும் குங்குமத் தண்ணீரும் அண்ணையின் வேட்டியில் போய் விழுந்தன. படகின் மூக்குக்குச் சற்றுப் பின்னால் கோழிமுட்டை புகக்கூடிய ஒரு ஓட்டை.

யாராவது நல்லவேளை என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். வெட்கமில்லாமல் எதிர்பார்த்தேன்.

"பூசைக் கற்பூரத்தை நூத்துப்போட்டாள்," என்றார் அந்த மாமி. "அதுவும் ஆர் நூத்தது எண்டு பாருங்கோ."

அதுவும் ஆர். அந்த இரண்டு சொல்லும் நான் வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகும் காதில் நின்றன.

அடுத்த ஞாயிறு கடைசி மேசையில் தேநீர் வந்தது. அண்ணை தொண்டையைச் செருமினார்.

"எனக்கு உதிலை ஒண்டும் நம்பிக்கை இல்லை, தங்கச்சி. ஆனால் சனம் கதைக்குது. முதல் பயணம். ஆத்திலை ஒண்டு நடந்தால் பிறகு ஆயுளுக்கும் சொல்லுவினம். இந்தமுறை நீர் வராமல் விட்டால் எல்லாருக்கும் நல்லம். அடுத்தமுறை பாப்பம்."

"பின் சீற்?"

"அதையும் அடுத்தமுறை பாப்பம்."

பாண்டிச்சேரிக்காரர் தேநீரைக் கலக்கினார். சீனி கரைந்து எவ்வளவோ நேரம். ஒரு மீன்கொத்தியை யாராவது கல்லால் எறிந்திருந்தால் அந்த மனிதர் எழும்பிச் சண்டை பிடித்திருப்பார். எனக்காகக் கரண்டியைக் கூட வைக்கவில்லை.

"அண்ணை, கற்பூரத்தைக் குவிச்சது நீங்கள். படகைச் சுட்டது நெருப்பு. நூத்தது நான்," என்றேன். "நான் நூத்தாட்டி உங்களுக்கு ஓட்டை இல்லை, படகே இல்லை. இதிலை ஆர் அபசகுனம்?"

"மெதுவாக் கதையும், கடைக்குள்ளை..."

"ஏன் மெதுவா? குழாயடியிலை போய் நில் எண்டு நீங்கள் எல்லாருக்கும் முன்னாலை தானே சொன்னீங்கள். ஓட்டையை நான் பொத்துறன். பொத்தின படகிலை பின்னாலை இருந்து நான் ஓட்டுவன். ஏற விருப்பமில்லாத ஆக்கள் கரையாலை நடந்து வாங்கோ."

றொட்டி போடுகிறவர் கொத்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ரெயிலில் ஏறிய பிறகுதான் தேநீரைக் குடிக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது.

பொத்துவது அவ்வளவு லேசில்லை. அண்ணை அதற்குள் கார் உதிரிப்பாகக் கடையில் பிசின் வாங்கிக் கண்ணாடி இழைத்துணி வைத்து ஒட்டிப் பார்த்திருந்தார். நான் நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினேன், முழுவதும் பால் ஆடை மாதிரிக் கழன்று வந்தது. கழகத்தில் படகு திருத்துகிற பிரெஞ்சுக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். இந்தப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் ஒட்டாது, இதே பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்ட வேண்டும் என்றார். உடைந்துபோன ஒரு பழைய படகிலிருந்து பச்சைக் கீலங்கள் வெட்டித் தந்தார். சூடான காற்று ஊதுகிற கருவியையும் தந்து, பளபளக்கும்போது அமத்து, புகைத்தால் பிந்திவிட்டாய் என்று சொல்லிவிட்டார்.

என் ஓய்வுநாளில் லெ பிளாங்-மெனில்லுக்குப் போனேன். அண்ணை வேலைக்குப் போயிருந்தார். அக்கா கேற்றைத் திறந்துவிட்டுப் பின்னால் வந்தார். ஓட்டையின் விளிம்பைச் சுரண்டித் துடைத்துச் சூடு காட்டினேன். முதல் முயற்சியில் நன்றாகக் காய்ச்சிவிட்டேன். விளிம்பு தொய்ந்து உள்ளே விழுந்தது. முட்டை போகிற ஓட்டை மாம்பழம் போகிற ஓட்டையாகிவிட்டது. எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் இரண்டு மொழியிலும் சொன்னேன்.

"உள்ளுக்காலை ஒண்டை முட்டுக் குடுத்துப் பிடிச்சால் விழாது எல்லோ?" என்றார் அக்கா. உள்ளே போய் ஒரு பழைய சில்வர் தட்டத்தைக் கொண்டுவந்தார். சேலையைச் செருகிக்கொண்டு கவிழ்ந்த படகுக்குள் புகுந்து மல்லாந்து படுத்து, தட்டத்தைக் கீழிருந்து ஓட்டையில் அமத்திப் பிடித்தார். நான் மேலே இருந்து கீலத்தை உருக்கி வைத்து, கரண்டியின் முதுகால் அமத்தினேன். பளபளப்பு வருகிற கணம் பார்த்து அமத்த வேண்டும். அழகு நிலையத்தில் மயிர் எடுக்க மெழுகு காய்ச்சுகிற எனக்கு அது மெல்ல மெல்லப் பிடிபட்டது.

படகுக்குள்ளிருந்து அவருடைய குரல் மட்டும் வந்தது.

"அண்டைக்கு எனக்கும் நூத்தவேணும் போலைதான் இருந்தது. தட்டத்திலை செம்பும் தண்ணியும் இருந்தது. கை எழும்பேல்லை."

அதற்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "கை எழும்பியிருக்கவேணும் அக்கா," என்றேன்.

"ஓம்," என்றார். "குழாயடிக்குப் போகச் சொல்லேக்கையே வாய் எழும்பியிருக்கவேணும்."

அதற்குப் பிறகு நாங்கள் வேலையைத்தான் கதைத்தோம். சூடு ஆறியதும் படகை நிமிர்த்தி, மூக்குப் பக்கம் தண்ணீர் ஊற்றி, கீழே குனிந்து பார்த்தோம். ஒரு துளியும் இல்லை. பொத்திய இடம் வடிவாக இல்லைத்தான். ஆறிய கஞ்சி மாதிரிக் கட்டிகட்டியாக இருந்தது. தண்ணீருக்கு வடிவு தேவையில்லை.

பயணத்தன்று காலை மார்ன் கரையில் படகுகளை இறக்கினோம். நான் ஜிலேயைப் பூட்டிக்கொண்டு நேரே பச்சைப் படகுக்குப் போய்ப் பின்பக்கத்தைப் பிடித்தேன். மற்றப் படகுகளில் ஆட்கள் நெருக்கியடித்து ஏறினார்கள். பாண்டிச்சேரிக்காரர் கண்ணுக்குத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு வானத்தில் எதையோ தேடினார். என்னுடைய முன் இருக்கை காலியாக இருந்தது. தனியே ஓட்டலாம், ஆனால் மூக்கு மேலே கிளம்பிக் காற்றுக்கு அலையும். கரையில் ஒரு கல்லைத் தூக்கி முன்னால் வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். அழுதால் இவர்கள் பார்ப்பார்கள் என்பதற்காகவே அழவில்லை.

அக்கா தன்னுடைய படகிலிருந்து இறங்கினார். என் முன் இருக்கைக்கு வரப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கணவருக்கு முன்னால் போய் நின்றார்.

"இஞ்சருங்கோ. கற்பூரத்தைக் குவிச்சது நீங்கள். நீங்கள் அதிலை ஏறுங்கோ."

"என்ன கதை இது? நான் ஏறினால் பின்னாலைதான். எனக்கு முன்னாலை இருந்து பழக்கமில்லை."

"அப்ப இண்டைக்குப் பழகுங்கோ. இல்லாட்டி நான் ஒரு படகிலையும் ஏறமாட்டன். வானிலை இருக்கிறன்."

அந்தக் குரலை அண்ணையும் அதற்கு முன்னர் கேட்டிருக்கவில்லை என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என் படகடிக்கு வந்தார். வந்தும் என்னைப் பார்க்காமல் பின் இருக்கையையே பார்த்தார். நான் அதன்மேல் கையை வைத்தேன்.

"முன்னாலை இருங்கோ அண்ணை. பயணம் வெளிக்கிடேக்கை என்ரை முகத்திலை முழிக்கவேண்டி வராது."

அவருக்குக் காது சிவந்தது. ஏறினார். ஜிலேயை வழக்கம்போல் திறந்துவிட்டிருந்தார்.

"பூட்டுங்கோ. பூட்டாட்டி என்ரை படகு கரையை விடாது."

டக், டக் என்று பூட்டினார். நான் கரையை உதைத்துத் தள்ளி ஏறினேன்.

பொத்திய இடம் அவருடைய காலடியில் இருந்தது. அதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை, ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்ததைச் சொல்லத்தான் வேண்டும். மனிதர் ஆற்றைப் பார்க்கவில்லை, தன் பாதங்களுக்கு நடுவே பார்த்தபடி துடுப்புப் போட்டார். ஒரு நாரை மரத்திலிருந்து இறங்கி எங்களுக்கு முன்னால் பறந்தது. அவர் அதைக் காணவில்லை. ரகொந்தான் ஒன்று குறுக்கே நீந்தியது. கறி காய்ச்சலாமோ என்று அவர் கேட்கவில்லை.

"தங்கச்சி, தண்ணி வருது!"

நான் துடுப்பை நிறுத்தி எட்டிப் பார்த்தேன். பொத்தின இடத்துக்குப் பக்கத்தில் நாலைந்து துளி.

"அது உங்கடை துடுப்பிலை இருந்து வடியுறது. பக்கம் மாத்தேக்கை மேலாலை எடுக்காதேங்கோ."

அவர் துளிகளை விரலால் துடைத்துவிட்டுக் காத்திருந்தார். காய்ந்தே இருந்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் நிமிர்ந்தார். படகு நேராக ஓடியது. நான் ஒரு வளைவில் உட்கரையை விட்டு விலகி, விழுந்து கிடந்த மரத்தைச் சுற்றி எடுத்தேன்; எனக்குப் பின்னால் மற்றப் படகுகள் அதே வழியால் வந்தன. இவ்வளவு காலமும் நடுவில் புட்டுப் பார்சலுக்குக் காவல் இருந்தவளின் பின்னால் அவர்கள் வந்தார்கள். எனக்கு உரத்துப் பாட வேண்டும்போல் இருந்தது. என் குரல் அதற்கு லாயக்கில்லை என்பதால் சும்மா இருந்தேன்.

அணைக்கட்டுக்கு முன்னால் வலது கரையில் இறங்க வேண்டும். படகைத் தூக்கிக்கொண்டு கரையால் நடந்து, அணைக்குக் கீழே மறுபடியும் இறக்குவது வழக்கம். சிவப்புப் பலகை தெரிந்தது. தண்ணீர் இழுக்கத் தொடங்குவதைத் துடுப்பில் உணர்ந்தேன். வேறெதையும் யோசிக்கக் கூடாத இடம் அது. அந்த இடம் பார்த்துத்தான் அண்ணைக்கு மனம் இளகியது.

"தங்கச்சி," என்றார், "அண்டைக்கு நான் சொன்னது..." சொல்லிக்கொண்டே முழு உடம்பையும் என் பக்கம் திருப்பினார்.

படகு சரிந்தது. விளிம்பால் ஒரு வாளித் தண்ணீர் உள்ளே வந்தது.

"திரும்பாதேங்கோ!" என்று கத்தினேன். "பிரளப் போகுது! முன்னுக்குப் பாருங்கோ! இடப்பக்கம் போடுங்கோ, இடப்பக்கம்!"

அவர் திரும்பி இடப்பக்கம் போட்டார். கடற்கரைத் தோள், பலம் இருந்தது. நான் பின்னால் துடுப்பைச் சாய்த்துப் பிடித்து மூக்கை வலது கரைக்கு எடுத்தேன். அணை இரைகிற சத்தம் இடது காதுக்குப் போனது. படகு மணலில் சறுக்கி நின்றது. சொல்ல வந்ததை அவர் முடிக்கவில்லை. முடிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. மன்னிப்புக்கு அதுவா இடம்?

கரையில் இறங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. முன்னால் இருப்பவர் முதலில் இறங்கி, படகின் மூக்கை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். பின்னால் இருப்பவர் படகின் நடுவால் அவரை நோக்கி நடந்து வருவார். நடக்கிறவரின் முகத்தைப் பிடிக்கிறவர் விடாமல் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் தடுமாறுகிறார் என்பது முதலில் முகத்தில்தான் தெரியும். அண்ணைதான் எங்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லித் தந்தவர்.

அவர் இறங்கினார். மூக்கை முழங்காலால் இறுக்கினார். பிறகு வேறு வழியில்லாமல் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பின்னால் வந்த படகுகளும் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

நான் எழும்பித் துடுப்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தேன். பொத்திய இடத்துக்கு வந்ததும் இரண்டு காலையும் அதன்மேல் ஊன்றி நின்றேன். அவருடைய முகத்துக்கும் என் முகத்துக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

"பாத்துப் பிடியுங்கோ அண்ணை," என்றேன்.

"பிடிச்சிருக்கிறன் பிள்ளை," என்றார். கண்ணை எடுக்கவில்லை.

இறங்க எனக்கு அவசரம் இருக்கவில்லை.